தோப்பை விற்றுக் கடனை அடைத்தால் ரம்மி நின்றுவிடுமா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 36 வயது, கடலூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. குடி, சிகரெட் எதுவும் கிடையாது. மூன்று வருடமாக ஆன்லைன் ரம்மி ஆடுகிறார். என் நகை முழுக்க அடகில் இருக்கிறது, என் பேரில் எடுத்த குழுக் கடனும் அதிலேயே போய்விட்டது. போன வருடம் என் அப்பா இரண்டு லட்சம் கொடுத்துக் கடனை அடைத்தார். இவர் திருவந்திபுரம் கோயிலில் சத்தியம் செய்துவிட்டு, மூன்று மாதத்தில் மறுபடி ஆரம்பித்துவிட்டார். ரம்மி ஆப்புக்குத் தடை வந்ததும் நிம்மதியாக இருந்தேன். இப்போது டெலிகிராமில் வரும் ஏதோ லிங்க்கில் கலர் சொல்லி ஆடும் ஆட்டத்துக்குப் போய்விட்டார். கடன் ஐந்து லட்சத்துக்கு மேல். பண்ருட்டிப் பக்கம் இருக்கும் முந்திரித் தோப்பில் இவர் பங்கை விற்று அடைத்துவிடலாம் என்கிறார் என் மச்சாண்டார். கடன் தீர்ந்தால் ஆடவே மாட்டேன் என்று இவரும் அழுகிறார். இது வியாதியா, திமிரா? மாத்திரை உண்டா? ஏதாவது ஹோமில் சேர்க்க வேண்டுமா?
(பெயர் வேண்டாம், கடலூர் முதுநகர்)

பதில்: முதலில் தோப்பு விஷயம், ஏனென்றால் அதற்குத்தான் அவசரம். இப்போதைக்கு விற்க வேண்டாம். உங்கள் அப்பா கொடுத்த இரண்டு லட்சம் என்ன ஆனது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு அவர் அழுததும் நிஜம், சத்தியமும் நிஜம்தான், நடிப்பு என்று நினைக்காதீர்கள். ஆனால் தீர்ந்தது கடன் மட்டும், ஆட்டம் அப்படியேதான் இருந்தது. குடும்பம் மொத்தமாகக் கடனைத் தீர்த்து வைக்கும்போது தலைக்கு மேலிருந்த பயம் இறங்கிவிடுகிறது, கடன் கொடுத்தவர்களும் ‘இந்த வீட்டில் பணம் திரும்பி வரும்’ என்று மறுபடி நீட்டத் தயாராகிவிடுகிறார்கள். என்னிடம் வரும் குடும்பங்களில் நகையோ நிலமோ ஒரு தடவையோடு போனதாக அநேகமாக யாருமே சொல்வதில்லை.

வியாதியா திமிரா என்றால், வியாதி. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலுடைய 11ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. குடி, கஞ்சா அடிமைத்தனம் வரும் அதே பகுதியில்தான் அதில் சூதாட்ட நோயும் வீடியோ கேம் நோயும் இருக்கின்றன. அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013லேயே சூதாட்டத்தை அடிமை நோய்களோடு சேர்த்துவிட்டார்கள். எப்போது ஆரம்பிப்பது, எவ்வளவு போடுவது, எப்போது எழுந்திருப்பது என்பது கையை விட்டுப் போயிருக்கிறதா, வேலை வீடு எல்லாவற்றையும் தள்ளிவிட்டு அது முன்னால் வந்துவிட்டதா, இவ்வளவு நஷ்டம் கண்ணுக்குத் தெரிந்தும் தொடர்கிறதா என்று பார்ப்போம். பொதுவாக ஒரு வருடமாவது இப்படி இருந்திருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் மூன்றிலும் வருகிறார். (ராத்திரி ரீல்ஸ் பார்க்கிறவர்களையெல்லாம் போன் அடிமை என்று கூட்டி வருகிறார்கள், அதில் எனக்கு உடன்பாடு இல்லை. அது கெட்ட பழக்கமாக இருக்கலாம், எல்லாக் கெட்ட பழக்கமும் நோய் கிடையாது.)

குடியே இல்லாத மனுஷனுக்கு இது எப்படி வந்தது என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களை வைத்துப் பார்த்தார். எத்தனை கொத்துக்குத் தானியம் விழும் என்று தெரியாதபடி வைத்தால், புறா ஓயாமல் கொத்துகிறது, தானியத்தை அடியோடு நிறுத்திய பிறகும் வெகுநேரம் விடுவதில்லை. ஆன்லைன் சூதாட்டம் முழுக்க இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. ஒவ்வொரு தடவையும் தோற்றால் எவனும் விட்டுவிடுவான், எப்போதாவது ஜெயிப்பதால்தான் விட முடிவதில்லை. ‘ஒரே ஒரு சீட்டு வந்திருந்தால் டிக்ளேர் பண்ணியிருப்பேன்’ என்று சொல்வாரே, அந்த நூலிழைத் தோல்வியும் மூளையில் கிட்டத்தட்ட ஜெயித்த மாதிரிதான் பதிகிறது. கொஞ்ச காலத்தில் ஆட்டத்தில் சந்தோஷம் என்று ஒன்றும் மிஞ்சாது, விட்டதைப் பிடிக்கவேண்டும் என்பது மட்டும்தான். அதனால்தான் ‘கடன் தீர்ந்தால் ஆட மாட்டேன்’ என்று அவர் நம்புகிறார். தன் நோய் கடன்தான் என்று நினைக்கிறார்.

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுத்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டது நல்லதுதான், பெரிய ஆப்புகள் நின்றன. ஆனால் தடையால் மட்டும் ஆட்டம் நின்றுவிடாது. 2003ல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தார்கள், அப்புறமும் மூணு நம்பர் சீட்டு பெட்டிக்கடை ஓரத்தில் ஓடிக்கொண்டுதான் இருந்தது, கடலூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கலர் ஆட்டம் ரம்மியை விட மோசம். ஓரிரு நிமிடத்தில் முடிவு தெரிந்துவிடுகிறது, போடுவதற்கும் தெரிவதற்கும் இடைவெளி குறையக் குறைய இழுப்பு கூடும். அதில் பல சுத்த மோசடி வேறு: சின்னத் தொகையை எடுக்க விடுவார்கள், பெரிய தொகை போட்டதும் கணக்கு முடங்கும். அப்படி ஏமாந்திருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்றப் புகார் எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுங்கள். லோன் ஆப்காரர்கள் போட்டோவை வைத்து மிரட்டினாலும் அதே எண்தான்.

சரி, என்ன செய்யலாம்? சிகிச்சைக்கு முன்னால் பணம். இதில் நான் கறார். சம்பளம் உங்கள் கைக்கு வரும்படி செய்யுங்கள். அவர் போனிலிருந்து யுபிஐயை எடுத்துவிடுங்கள், டெபிட் கார்டில் ஆன்லைன் பரிவர்த்தனையை வங்கியிலேயே அணைத்து வைக்கலாம், டெலிகிராமும் வேண்டாம். பஸ்ஸுக்கும் டீக்கும் கையில் காசு கொடுங்கள். இதெல்லாம் அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து நடக்கவேண்டும். போனைத் திருட்டுத்தனமாக நோண்டினால் ஒளிப்பதற்கு அவருக்கு வழி சொல்லிக் கொடுத்ததாகத்தான் ஆகும். அப்புறம் ஒரு நாள் இரண்டு பேரும் உட்கார்ந்து எல்லாக் கடனையும் ஒரு நோட்டில் எழுதுங்கள், கைமாத்து, மீட்டர் வட்டி உட்பட. முதல் பட்டியலில் ஒன்றிரண்டு விட்டுப்போயிருக்கும், அதற்காகச் சண்டை போடாதீர்கள், ஒரு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். உங்கள் பேரில் இருக்கும் குழுக் கடன், மீட்டர் வட்டி இரண்டும் முன்னால். மீதியை அவர் சம்பளத்திலிருந்து, அவரே கட்டுகிற மாதிரி, மெதுவாக. இப்படிச் சில மாதம் ஓடி, சிகிச்சையும் நடந்து, அதன் பிறகும் வட்டி கழுத்தை நெரித்தால் தோப்பைப் பற்றிப் பேசலாம்; அப்போதும் பணம் கடன் கொடுத்தவர் கைக்கு நேராகப் போகட்டும், உங்கள் வீட்டுக்காரர் கை வழியாக வேண்டாம்.

சிகிச்சையில் பெரும்பங்கு பேச்சுதான், வெறும் அறிவுரை இல்லை. எந்த நேரத்தில் கை போனைத் தேடுகிறது என்று (நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து தூக்கம் வராதபோது, சம்பளத் தேதியில், உங்களோடு சண்டை போட்ட பின்பு) அவரே கண்டுபிடிப்பார். ‘இத்தனை தடவை தோற்றாயிற்று, அடுத்தது எனக்குத்தான்’ என்ற நினைப்பைப் பிரித்துப் பார்க்கப் பழகுவார். ஆசை கிளம்பினால் அது ஏறி, அதற்குத் தீனி போடாவிட்டால் பெரும்பாலும் அரை மணிக்குள் தானே இறங்கிவிடும். அந்த அரை மணியைத் தாண்டுவதற்கான வழியை முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கவேண்டும், அந்த நேரத்தில் யோசிக்க வராது.

இதற்கென்றே தனி மாத்திரை கிடையாது. குடியை விடக் கொடுக்கும் நால்ட்ரெக்ஸோன் சிலருக்கு இழுப்பைக் குறைக்கிறது, ஈரல் பரிசோதனை பார்த்துவிட்டு மருத்துவர் தீர்மானிப்பார். கூடவே மனச்சோர்வு இருந்தால் அதற்கு மருந்து உண்டு. இன்னொன்று, பலருக்குத் தெரியாது: நடுக்குவாதத்துக்கும் ராத்திரியில் கால் இருப்புக் கொள்ளாமல் தவிப்பதற்கும் கொடுக்கும் பிராமிபெக்ஸோல், ரோபினிரோல், மனநோய்க்குக் கொடுக்கும் அரிபிப்ரசோல் போன்ற மருந்துகள் சிலரிடம் சூதாட்ட வெறியைக் கிளப்பிவிடும். அவர் ஏதாவது சாப்பிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஹோம் வேண்டாம். குடியைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், அதனால் சிலரை அட்மிட் செய்கிறோம். ரம்மியை நிறுத்தினால் எரிச்சலும் தூக்கமின்மையும்தான். பூட்டி வைத்து அடிக்கிற இடங்களும் இருக்கின்றன, அங்கிருந்து வருகிறவர்கள் பொய் சொல்வதில் கெட்டிக்காரராகித்தான் வருகிறார்கள்.

இதைவிட முக்கியமான ஒன்றை அவரிடம் நேராகக் கேளுங்கள்: ‘செத்துப் போயிடலாம்னு தோணுதா?’ கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடும் என்பது தவறு. சூதாட்டக் கடனில் தற்கொலை ஆபத்து நிஜமாகவே அதிகம். ஆமாம் என்றாலோ, மழுப்பினாலோ அன்றைக்கே மருத்துவமனை, தனியாக விடாதீர்கள், வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அப்புறப்படுத்துங்கள். ராத்திரியானாலும் 14416 என்ற டெலி மானஸ் (அரசு மனநல உதவி) எண்ணில் இலவசமாகத் தமிழில் பேசலாம், அவரும் பேசலாம், நீங்களும் பேசலாம்.

நடுவில் ஒரு நாள் மறுபடி ஆடிவிடக்கூடும். அப்போது ‘எல்லாம் போச்சு’ என்று ஊரைக் கூட்டவும் வேண்டாம், அந்தக் கடனை அடைக்கவும் வேண்டாம். எந்த ஓட்டை வழியாகப் பணம் போனது என்று பார்த்து அந்த ஓட்டையை அடைத்துவிடுங்கள், அந்த வாரமே மருத்துவரிடம் வாருங்கள்.

கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று கூச்சமாக இருந்தால் புதுச்சேரி ஜிப்மருக்கு வாருங்கள், கடலூரிலிருந்து அந்தக் காரணத்துக்காகவே வருகிறவர்கள் நிறைய. சொன்னது வெளியே போகாது, 2017 மனநலச் சட்டத்தில் ரகசியம் காப்பது நோயாளியின் உரிமை. வரும்போது ஆறு மாத பேங்க் ஸ்டேட்மெண்ட், கடன் நோட்டு, சாப்பிடும் மாத்திரைச் சீட்டு மூன்றையும் எடுத்துவாருங்கள். முதல் தடவை அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது வாருங்கள், மச்சாண்டாரையும் கூட்டி வந்தால் தோப்பைப் பற்றி நானே அவரிடம் பேசுகிறேன்.