கோர்ட் படி ஏறியவர்கள்

அன்புள்ள ஐயா,

போன வாரம் மகளை அழைத்துக்கொண்டு நியூயார்க், கிரீன்விச் வில்லேஜில் உள்ள ஜெஃபர்சன் மார்க்கெட் நூலகத்துக்குப் போனேன். பழைய நீதிமன்றம். கோபுரம், வண்ணக் கண்ணாடி, சுழற்படி என்று அரண்மனை மாதிரி இருக்கிறது. குற்றவாளிகள் நின்ற இடத்தில் குழந்தைகள் படிக்கிறார்களே என்று கண் கலங்கிவிட்டது. ஒரு சந்தேகம்: இவ்வளவு அழகான கட்டடத்தை அலமாரி போட்டு அடைக்காமல் அருங்காட்சியகமாக விட்டிருக்கலாமோ?

ஆர்., நியூ ஜெர்சி

அன்புள்ள ஆர்.,

அலமாரி இருந்துவிட்டுப் போகட்டும். அருங்காட்சியகம் என்றால் ஒருமுறை பார்த்துவிட்டு வந்திருப்பீர்கள். நூலகம் என்பதால்தான் மறுபடியும் போகப்போகிறீர்கள்.

1877இல் கட்டி முடித்த கட்டடம் அது. 1945இல் விசாரணைகள் நின்றன. அப்புறம் சில அரசு அலுவலகங்கள் இருந்து, அவையும் காலிசெய்த பிறகு புறாவும் எலியும் குடியேறின. விற்றுவிடலாம், இடித்து அடுக்குமாடி கட்டலாம் என்ற பேச்சு வந்தபோது மார்காட் கேல் என்ற பெண்மணியும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்தார்கள். அவர்கள் முதலில் கேட்டது கட்டடத்தை அல்ல. நின்றுபோன கோபுரக் கடிகாரத்தை ஓட வையுங்கள் என்றுதான் கேட்டார்கள். 1961இல் மேயர் வாக்னர் நூலகம் என்று அறிவித்தார், கட்டடக் கலைஞர் ஜார்ஜியோ கவாலியேரி செப்பனிட்டார், 1967இல் திறந்தார்கள். உங்கள் சந்தேகத்துக்கு இது போதும்.

என்னைக் குத்தியது வேறு. ‘குற்றவாளிகள் நின்ற இடம்’ என்று எப்படி அம்மா அவ்வளவு லேசாக எழுதினீர்கள்? யார் அந்தக் குற்றவாளிகள், ஒரு நிமிஷம் யோசித்தீர்களா?

1909 நவம்பரில் நியூயார்க்கில் சட்டை தைக்கும் பெண்கள் இருபதாயிரம் பேருக்கு மேல் வேலையை நிறுத்தினார்கள். பெரும்பாலோர் புலம்பெயர்ந்து வந்த யூதப் பெண்கள். பலருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. கூலியும் வேலை நேரமும்தான் கோரிக்கை. ஆலை வாசலில் நின்றதற்குப் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தியது இதே ஜெஃபர்சன் மார்க்கெட் கோர்ட்டில். அபராதம் போட்டார்கள், சிலரைக் கட்டாய வேலை வாங்கும் தண்டனை விடுதிக்கு அனுப்பினார்கள். நீங்கள் கடவுளுக்கே எதிராக வேலைநிறுத்தம் செய்கிறீர்கள் என்றார் அந்நகரத்து மாஜிஸ்திரேட் ஒருவர். அவர்களைத்தான் குற்றவாளிகள் என்கிறீர்கள்.

என் சித்தியை ஒருமுறை இப்படி நிறுத்தினார்கள். கூலி பாக்கி கேட்டு வாசலில் உட்கார்ந்த பதினோரு பெண்களில் அவளும் ஒருத்தி. அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நானும் போயிருந்தேன். பெயரைக் கூப்பிட்டதும் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு, கோயிலுக்குள் போகிறவள் போல உள்ளே போனாள். அபராதம் கட்டியாயிற்று, வழக்கு முடிந்தது. தெருவுக்கு முடியவில்லை. கோர்ட் படி ஏறினவள் என்ற பேச்சு அவள் மகள் கல்யாணம் வரைக்கும் பின்னாலேயே வந்தது. உங்கள் வாக்கியத்தைப் படித்தபோது எனக்கு அந்தச் செருப்புதான் ஞாபகம் வந்தது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். மகளை நூலகத்துக்குக் கூட்டிப்போகிற அம்மாவிடம்தான் இவ்வளவு உரிமையோடு பேசத் தோன்றுகிறது.

பக்கத்தில் தோட்டம் பார்த்திருப்பீர்கள். அங்கே 1930களிலிருந்து பெண்கள் சிறை இருந்தது. உள்ளிருந்தவர்கள் ஜன்னல் வழியாகத் தெருவில் நிற்கும் சொந்தக்காரர்களிடம் கத்திப் பேசுவார்களாம். 1970இல் கறுப்பின உரிமைப் போராளி ஏஞ்சலா டேவிஸை அங்கேதான் வைத்திருந்தார்கள். 1974இல் அதை இடித்துவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. ஆனால் அழகான கோர்ட் நிற்கிறது, அதன் பக்கத்தில் அடைபட்டவர்களின் இடத்தில் பூச்செடி இருக்கிறது என்பதை ரசிக்கும்போதே நினைத்துக்கொள்ள வேண்டும்.

நியூயார்க் போயிருந்தபோது அந்த நூலகத்தின் அடித்தளத்தில் ஒரு மத்தியானம் முழுக்க இருந்தேன். செங்கல் வளைவுகள் தாழ்வாக இறங்கி வரும். விசாரணைக்கும் சிறைக்கும் நடுவே கைதிகளை வைத்திருந்த இடம் அது. செங்கல்லில் கை வைத்துப் பார்த்தேன், ஜில்லென்றிருந்தது. எதிரே ஒரு கிழவி கோட்டைக்கூடக் கழற்றாமல் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை போகும்போது மகளை அங்கேயும் அழைத்துப் போங்கள். அவள் படம் பார்த்துப் புத்தகம் எடுக்கிற தளத்தில்தான் போலீஸ் கோர்ட் இருந்தது. தையல்காரப் பெண்களின் கதையை அங்கேயே உட்கார்ந்து சொல்லுங்கள். என்ன கேட்டாள் என்று எனக்கு எழுதுங்கள்.