கட்டுப்பாடுன்னாலே அரசியலமைப்புக்கு விரோதமா?

இல்லைங்க, உங்க நண்பர் சொல்றது தப்பு. துப்பாக்கி உரிமை பத்திப் பேசுற அமெரிக்க அரசியலமைப்போட ரெண்டாவது திருத்தத்துல "மீறக்கூடாது"ன்னு இருக்கு, அதனால எந்தத் துப்பாக்கிக் கட்டுப்பாடும் செல்லாதுங்கிறார்ல, அதுக்கு பதில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றத்தோட 2008 ஹெல்லர் தீர்ப்புலயே இருக்கு. தனிமனுஷனுக்குத் துப்பாக்கி உரிமை உண்டுன்னு சொன்ன தீர்ப்பே அதுதான், எழுதினவர் நீதிபதி ஸ்காலியா (பழமைவாதி, அவரை யாரும் லிபரல்னு சொல்ல முடியாது), அவரே இந்த உரிமைக்கு எல்லை உண்டு, பெரிய குற்றத்துல தண்டனை ஆனவங்களுக்கான தடை, ஸ்கூல், அரசுக் கட்டடத்துக்குள்ள கொண்டுபோகத் தடை, விற்பனைக்கான விதிகள் இதையெல்லாம் இந்தத் தீர்ப்பு சந்தேகத்துக்குள்ளாக்கலன்னு எழுதிட்டார்.

வாதம் நகராததுக்குக் காரணம், "உரிமை இருக்கா"ன்னே ரெண்டு பேரும் சுத்திட்டு இருக்கீங்கன்னு தோணுது. அது முடிஞ்ச கதை. இப்ப கோர்ட்ல சண்டை எந்தக் கட்டுப்பாடு நிக்கும்ங்கிறதுலதான். அதே உச்ச நீதிமன்றத்தோட 2022 புரூவன் தீர்ப்புக்கு அப்புறம் அந்த நாட்டுப் பழைய சட்ட மரபுல அதுக்கு ஒப்பானது இருந்துச்சான்னு பார்க்கிறாங்க.

அவர்கிட்ட ஒண்ணு கேட்டுப் பாருங்க: குடும்ப வன்முறைக்காக கோர்ட் தடை உத்தரவு போட்ட ஆள்கிட்ட துப்பாக்கி இருக்கலாமா? 2024ல ரஹீமி வழக்குல உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 8-1ன்னு கூடாதுன்னுட்டாங்க. அவரும் கூடாதுன்னா, எல்லை உண்டுன்னு அவரே ஒத்துக்கிட்டார்.

ஆனா இதை வச்சு "எல்லாத் தடையும் செல்லும்"னு நீங்க கிளம்பிடாதீங்க. அதே ஹெல்லர்ல தலைநகர் வாஷிங்டனோட கைத்துப்பாக்கித் தடையையும், புரூவன்ல நியூயார்க்கோட பழைய லைசென்ஸ் விதியையும் செல்லாதுன்னு அடிச்சுட்டாங்க.