இராணுவத்தில் வானொலிச் செய்தியாளர் வேலை எப்படி இருக்கும்?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: ஐந்தாம் படிவம் முடிக்கப் போகிறார், கோயில் திருவிழாவில் மைக் பிடித்துப் பழகியவர். அமெரிக்க இராணுவத்தில் இருப்பதுபோல் சீருடை போட்ட செய்தியாளர் ஆக முடியுமா?

தம்பி, அமெரிக்கப் படையில் சேர அந்நாட்டுக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். ஆனாலும் அந்த வேலையைத் தெரிந்துகொள்வது நல்லது. அங்கே மேரிலாந்து மாநிலத்தின் ஃபோர்ட் மீட் முகாமில் இதற்கென்றே ஒரு பள்ளி இருக்கிறது. எழுத, படம் பிடிக்க, ஒலிபரப்ப அங்கே கற்றுத் தருகிறார்கள். அமெரிக்கப் படை தன் வீரர்களுக்காக நடத்தும் வானொலிச் சேவை 1942இல் தொடங்கியது. 1943 ஜூலை 4 முதல் லண்டனிலிருந்தும் ஒலித்தது.

எதை எப்போது சொல்லக் கூடாது என்பதுதான் இந்த வேலையில் கனமான பகுதி. படை எங்கே நிற்கிறது, அடுத்து எங்கே போகிறது என்பதெல்லாம் வாயில் வரக் கூடாது. ஒரு வீரர் இறந்தால், குடும்பத்துக்குத் தெரிவித்து 24 மணி நேரம் கழித்துத்தான் பெயரை வெளியிடுவார்கள். நானும் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன். பிள்ளையின் சாவுச் செய்தி தாய்க்குத் தெரியும் முன்னே பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டால் அந்த அம்மா என்ன பாடுபடுவார் என்று பார்த்திருக்கிறேன். அதனால் இந்த விதியை மனதார மதிக்கிறேன்.

அப்புறம், நீங்கள் படையின் குரலாகத்தான் பேசுவீர்கள். தளபதியைக் குடைந்து கேள்வி கேட்கும் ஆசை இருந்தால் வெளி ஊடகமே சரி. நம் மலேசியப் படைதான் குறி என்றால், ஒரு பக்கச் செய்தியை மலாயில் பிழையில்லாமல் எழுத இன்றே பழகுங்கள்.