60 மாணவர்கள், கையில் காசில்லை: தொழில்முனைவை விளையாட்டில் கற்றுத்தரலாமா?

கேள்வி: கலைக் கல்லூரியில் பி.காம். மாணவர்களுக்குத் தொழில்முனைவுப் பாடம் எடுக்கிறேன். வகுப்பில் 60 பேர். திட்ட அறிக்கை கேட்டால் எங்கிருந்தோ காப்பி அடித்துத் தருகிறார்கள். விளையாட்டாகச் சொல்லித்தர ஆசை. அதிகச் செலவில்லாமல் எப்படித் தொடங்குவது? மதிப்பெண் எப்படிப் போடுவது?

பதில்: தாராளமாகச் செய்யலாம். விலை கொடுத்து வாங்கும் கணினி விளையாட்டுகள் எதுவும் தேவையில்லை.

திட்ட அறிக்கையில் மாணவர் முடிவை முதலில் எழுதிவிட்டு, அதற்குப் பணம், ஆள், இடம் தேடுகிறார். அனுபவமுள்ள 27 தொழில்முனைவோரை ஆராய்ந்த பேராசிரியை சரஸ் சரஸ்வதி, அவர்கள் யோசிப்பது வேறு மாதிரி என்று கண்டார். நான் யார், எனக்கு என்ன தெரியும், யாரைத் தெரியும் என்று கையில் இருப்பதிலிருந்து தொடங்குகிறார்கள். எவ்வளவு இழந்தால் தாங்கும் என்று பார்த்துக் காலை வைக்கிறார்கள்.

இதை உணர வைக்க அமெரிக்காவின் பாப்சன் கல்லூரியில் ஒரு விளையாட்டு உண்டு. குழுக்கள் ஜிக்சா புதிர் (வெட்டிய படத் துண்டுகளைச் சேர்த்து முழுப் படமாக்குவது) அடுக்க உட்காருகின்றன. நடுவில் ஒவ்வொருவராக எழுப்பி அடுத்த அறைக்கு அனுப்புகிறார்கள். அங்கே துண்டுத் துணிகள் குவிந்து கிடக்கும். அவற்றை வைத்து ஒட்டுத்துணிப் போர்வை போல ஒன்றை உருவாக்க வேண்டும். புதிருக்குப் பார்த்து அடுக்க ஒரு படம் இருந்தது, போர்வைக்கு இல்லை. "என்ன டிசைன், எத்தனை அடி?" என்று கேட்பார்கள். பதில் சொல்லிவிடாதீர்கள். நன்றாக மனப்பாடம் செய்து எழுதுபவர்கள்தான் பெரும்பாலும் இங்கே திகைத்து நிற்பார்கள். அவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம். அந்தத் திகைப்பைப் பற்றித்தான் பிறகு பேசப்போகிறீர்கள். தையல்கடையில் கேட்டால் வெட்டுத்துணி தருவார்கள். பழைய காலண்டர் படத்தை அட்டையில் ஒட்டி வெட்டினால் புதிர் தயார்.

விளையாட்டுக்கு ஒரு மணி நேரம் என்றால் பேச்சுக்கும் ஏறக்குறைய அதே நேரம் ஒதுக்குங்கள். பெல் அடித்ததும் கலைந்துவிட்டால் அது வெறும் பொழுதுபோக்காகப் போய்விடும்.

அடுத்த கட்டத்துக்கு, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆசிரியை டீனா சீலிக் கொடுத்த பயிற்சி. குழுவுக்கு ஓர் உறை, உள்ளே 5 டாலர். உறையைத் திறந்தபின் 2 மணி நேரத்தில் முடிந்த அளவு சம்பாதிக்க வேண்டும். பிறகு வகுப்பில் 3 நிமிடம் பேச வேண்டும். அதிகம் ஈட்டிய குழு அந்த 5 டாலரைத் தொடவே இல்லை. தங்களுடைய 3 நிமிடத்தை, அந்த மாணவர்களை வேலைக்கு எடுக்க விரும்பிய ஒரு நிறுவனத்துக்கு 650 டாலருக்கு விற்றது!

நீங்கள் ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு 50 ரூபாய் கொடுங்கள். 12 குழுவுக்கு 600 ரூபாய். அந்த 50 ரூபாயைத் திருப்பித் தரவேண்டும் என்று சொல்லிவிடலாம், தொலைந்தால் கேட்காதீர்கள். முதல்வரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மாணவர் சொந்தப் பணம் போடக்கூடாது, சொந்தக்காரர்களிடம் விற்கக்கூடாது. இந்த இரண்டு விதியும் முக்கியம். இல்லாவிட்டால் வசதியான வீட்டுப் பிள்ளை ஒரு போன் செய்து ஜெயித்துவிடுவார், மற்றவர்கள் மனம் விட்டுவிடுவார்கள்.

அதனால்தான் சம்பாதித்த தொகைக்கு மதிப்பெண் வேண்டாம் என்கிறேன். ஒவ்வொருவரும் ஒரு பக்கம் கையால் எழுதட்டும்: முதலில் என்ன நினைத்தோம், யார் வேண்டாம் என்றார்கள், அப்புறம் எதை மாற்றினோம். அந்தப் பக்கத்துக்கு மதிப்பெண் போடுங்கள். தனக்கு நடந்ததை எழுதச் சொல்வதால் காப்பி அடிப்பதும் கடினம்.