பழைய பிஎஸ்பி 3000-ஐ இப்போது வாங்கலாமா? அதில் எது நல்லது, எது தலைவலி?

கேள்வி கேட்டவர் கல்லூரி மாணவர். சோனியின் கையடக்க கேம் கருவியான பிஎஸ்பியின் பழைய 3000 மாடல் ஒன்று செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறது, போனிலேயே எல்லா கேமும் ஆடுகிற காலத்தில் அதை வாங்கினால் பிரயோஜனம் உண்டா, எதில் நன்றாக இருக்கும், எதில் படுத்தும் என்று கேட்டிருக்கிறார்.

வாங்குங்கள். என்னிடம் பல வருடமாக ஒன்று இருக்கிறது, இன்றும் ஆடுகிறேன், அந்த நம்பிக்கையில்தான் சொல்கிறேன். ஆனால் பேட்டரி மூடியைத் திறந்து பார்க்காமல், ஒரு கேமையாவது முழுசாக லோடாக விட்டுப் பார்க்காமல் காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

ஒரு விஷயம் பிடிபட்டால் பிஎஸ்பியின் நல்லது கெட்டது இரண்டுமே விளங்கிவிடும். சோனி இதை 2004 டிசம்பர் 12 அன்று ஜப்பானில் வெளியிட்டபோது கையில் வைத்து ஆடும் கேம் என்றால் நிண்டெண்டோதான். அவர்கள் வழி தனி: சின்னத் திரை, அளவான சிப், கேமைச் செருகிக்கொள்ளும் கேட்ரிட்ஜ், நீண்ட நேரம் நிற்கும் பேட்டரி. பத்து நாள் முன்னால் ஜப்பானில் வந்த நிண்டெண்டோ டிஎஸ்ஸின் இரண்டு திரைகளும் தலா 256×192 பிக்சல்கள்தான். சோனி அந்த வழியில் போகவே இல்லை. டிவிக்குக் கீழே இருக்கும் பிளேஸ்டேஷனை அப்படியே கைக்குள் அடக்கிவிட வேண்டும் என்று இறங்கினார்கள். 4.3 அங்குலத்தில் 480×272 அகலத்திரை, 333 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடக்கூடிய பிராசஸர், கேமுக்கு 1.8 ஜிபி கொள்ளும் யுஎம்டி என்ற குட்டி டிஸ்க். நீங்கள் ரசிக்கப்போவதும் பொறுத்துக்கொள்ளப்போவதும் இந்த ஒரே முடிவிலிருந்துதான் வருகின்றன.

நல்லதில் முதலாவது கேம்கள். ஜிடிஏ லிபர்ட்டி சிட்டி ஸ்டோரிஸ் 2005இல் வந்தது. ஒரு முழு நகரம், வண்டி, ரேடியோ, எல்லாம் கையில். அந்த வருடத்துப் போன்களில் என்ன கேம் ஆடினோம் என்று வீட்டில் அண்ணன் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், அப்போதுதான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். காட் ஆஃப் வாரின் செயின்ஸ் ஆஃப் ஒலிம்பஸ் (2008) இன்று பார்த்தாலும் இந்தச் சின்னப் பெட்டியா இதைக் காட்டுகிறது என்று வியக்க வைக்கும். அப்புறம் டெக்கன் டார்க் ரெசரெக்ஷன், கிரைசிஸ் கோர், பீஸ் வாக்கர், பர்சோனா 3 போர்ட்டபிள். ஆனால் என் மனதுக்கு நெருக்கமானவை இந்தப் பெரிய பெயர்கள் இல்லை. லூமினஸ், லோகோரோகோ, பாட்டபான் என்று இந்தக் கருவிக்கென்றே யோசித்துச் செய்த சின்ன கேம்கள்தான். பாட்டபானில் தாளம் போட்டுத்தான் படையை நடத்த வேண்டும், நான்கு பட்டனும் நான்கு மேளம், தாளம் தவறினால் படை நின்றுவிடும். ஹெட்போன் போட்டுக்கொண்டு ஆடுங்கள்.

இரண்டாவது, யாரும் அதிகம் பேசாத ஒன்று: வலது பக்கத்தில் இருக்கும் பவர் ஸ்விட்ச். மேலே ஒரு தடவை தள்ளிவிட்டால் கேம் இருந்த இடத்திலேயே உறைந்துவிடும். பஸ் வந்துவிட்டது, ஏறி உட்கார்ந்து மறுபடி தள்ளினால் சில நொடிகளில் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். சேவ் பாயிண்ட் வரை ஓட வேண்டியதில்லை. இதே ஸ்விட்சைக் கீழே தள்ளினால் பட்டன்கள் எல்லாம் பூட்டிக்கொள்ளும், பாட்டு கேட்டுக்கொண்டே பைக்குள் போட்டுக்கொள்ளலாம். டிவி கேம் மாதிரி நீளமான கேமை வெளியில் வைத்து ஆட முடிகிறது என்றால் அதற்குக் காரணம் இந்த ஸ்விட்ச்தான். ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள், உறங்கும்போதும் மெமரிக்குக் கொஞ்சம் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும், பேட்டரி முழுசாக வற்றினால் சேவ் செய்யாத ஆட்டம் போய்விடும்.

மூன்றாவது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு நேரடியாக வயர்லெஸ்ஸில் ஆடும் அட்-ஹாக். ரவுட்டர் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம். ஜப்பானில் மான்ஸ்டர் ஹண்டர் வரிசை பெரிய அலையாக மாறியதே இதனால்தான். நான்கு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து சேர்ந்து வேட்டையாடுவார்கள், 2010 டிசம்பரில் வந்த போர்ட்டபிள் 3 அங்கே மட்டும் 40 லட்சத்துக்கு மேல் விற்றது. எங்கள் ஹாஸ்டலிலும் டெக்கன் போட்டி இப்படித்தான் நடந்தது. பொதுவாக ஆளுக்கொரு டிஸ்க் வேண்டும், சில கேம்களில் மட்டும் ஒரே டிஸ்க்கை வைத்து இன்னொரு பிஎஸ்பிக்கு ஒரு பகுதியை அனுப்பி ஆடலாம். உங்கள் நண்பர்களில் இன்னொருவரிடமும் பிஎஸ்பி இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

கேம் டிஸ்க்குகளுக்கு நாட்டுப் பூட்டு கிடையாது, ஜப்பானில் வாங்கியதும் இங்கே ஓடும். யுஎம்டியில் வந்த சினிமாக்களுக்குத்தான் அந்தப் பூட்டு.

சரி, இப்போது தலைவலிக்கு வருவோம்.

யுஎம்டி டிஸ்க் சுற்றுவதற்கு மோட்டார் வேண்டும், மோட்டாருக்கு கரண்ட் வேண்டும், லேசர் தேடிப் படிக்க நேரம் வேண்டும். அதனால் பேட்டரியும் தின்னும், லோடிங்கும் இழுக்கும். சில கேம்களில் ஒவ்வொரு கதவுக்கும் காத்திருக்க வேண்டியிருக்கும். அமைதியான அறையில் டிஸ்க் கரகரவென்று தேடும் சத்தம் நன்றாகவே கேட்கும். முதல் மாடலான 1000இல் 32 எம்பி ரேம்தான், 2007இல் வந்த 2000இல் அதை 64 ஆக்கி, கூடுதல் இடத்தில் டிஸ்க்கிலிருந்து முன்கூட்டியே படித்து வைக்கும் வசதியைத் தந்தார்கள், உங்கள் 3000இலும் அது உண்டு. கொஞ்சம் தேவலாம், அவ்வளவுதான். டிஸ்க்கின் பிளாஸ்டிக் கூட்டில் லேசர் படிக்கும் ஜன்னல் திறந்தே கிடக்கும், மூடி கிடையாது. நம் ஊர்த் தூசிக்கு இது நல்லதில்லை. கூட்டின் இரண்டு பாதிகளும் பசை விட்டுப் பிரிவதும் சகஜம். பிரிந்ததை உள்ளே தள்ளாதீர்கள், முதலில் ஒட்டுங்கள்.

பேட்டரிக்குப் பயந்துதான் சோனி வேறொன்றும் செய்தது. 333 மெகாஹெர்ட்ஸ் ஓடக்கூடிய பிராசஸரை கேம்களுக்கு 222 வரைதான் தந்தார்கள், 2007இல் வந்த சிஸ்டம் அப்டேட்டில்தான் முழு வேகமும் திறந்தது. ஆரம்ப வருடங்களின் கேம்களுக்கும் 2008க்குப் பிறகு வந்தவற்றுக்கும் சில இடங்களில் தெரியும் வித்தியாசத்தில் இதற்கும் பங்கு உண்டு.

என்னை உண்மையாகவே கோபப்படுத்துவது ஆளை நகர்த்தும் அனலாக். ஒன்றே ஒன்றுதான், அதுவும் குச்சி இல்லை, தட்டையாகச் சறுக்கும் ஒரு பொத்தான், இடது கையில் திசைப் பட்டனுக்குக் கீழே. டிவி பிளேஸ்டேஷனைக் கைக்குள் கொண்டுவருகிறோம் என்றவர்கள் அதன் கண்ட்ரோலரில் இருந்த இரண்டாவது குச்சியை விட்டுவிட்டார்கள். முப்பரிமாண கேமில் ஆளை நகர்த்த ஒன்று, கேமராவைத் திருப்ப ஒன்று என்று இரண்டு வேண்டுமே, அதற்கு என்ன செய்வது? மான்ஸ்டர் ஹண்டர் ஆடியவர்கள் கட்டைவிரலை அனலாக்கில் வைத்துக்கொண்டே ஆள்காட்டி விரலை மேலே வளைத்துக் கொண்டுவந்து திசைப் பட்டனால் கேமராவைத் திருப்பினார்கள், ஜப்பானில் அந்தப் பிடிக்கு அந்த கேமின் பெயரையே வைத்துவிட்டார்கள். ரொம்ப நேரம் அப்படிப் பிடித்தால் விரல் இழுத்துக்கொள்ளும். 2011 இறுதியில் பிஎஸ் வீட்டா வரும் வரை சோனியின் கைக்கருவியில் இரண்டாவது குச்சி வரவே இல்லை. பந்தயம், சண்டை, புதிர் கேம்களில் இந்தக் குறை தெரியாது. துப்பாக்கி கேம்கள்தான் ஆசை என்றால் பிஎஸ்பி உங்களுக்கு வேண்டாம்.

மெமரி ஸ்டிக் இன்னொரு அக்கப்போர். சேவ் எல்லாம் அதில்தான். சோனியின் சொந்த கார்டு, கடையில் இப்போது கிடைப்பவற்றில் போலி நிறைய. மைக்ரோ எஸ்டி கார்டைச் செருகும் அடாப்டர் ஒன்று வாங்கிக்கொண்டால் தீர்ந்தது, நான் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

வைஃபையை மறந்துவிடுங்கள். பழைய 802.11பி, டபிள்யூபிஏ 2 பாதுகாப்பு இதற்குத் தெரியாது, அதனால் இன்று பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களோடு சேராது. கருவிக்குள் இருந்த ஆன்லைன் கடையும் என்றோ மூடியாகிவிட்டது.

பிஎஸ்பி கேம்களைப் போனிலேயே ஓட்டும் பிபிஎஸ்எஸ்பிபி எமுலேட்டர் இருக்கிறதே, அதே கேம்கள் இன்னும் தெளிவாக ஓடுமே என்று அடுத்து கேட்பீர்கள். உண்மைதான், நல்ல போனில் படம் பிஎஸ்பியைவிடப் பல மடங்கு துல்லியமாக இருக்கும். ஒரு ப்ளூடூத் கண்ட்ரோலரும் இருந்தால் கேம் என்ற அளவில் பிஎஸ்பிக்கு வேலையே இல்லை. ஆனால் கண்ட்ரோலர் இல்லாமல் கண்ணாடியைத் தடவி டெக்கன் ஆடுவது எனக்குச் சரிப்படவில்லை, கட்டைவிரல் பாதித் திரையை மறைக்கிறது, நடுவில் வாட்ஸாப் வேறு. பிஎஸ்பியைக் கையில் எடுத்தால் கேம் மட்டும்தான், எனக்கு அது பெரிய நிம்மதி. எமுலேட்டருக்கும் கேமின் நகல் வேண்டும், அதை உங்கள் சொந்த டிஸ்க்கிலிருந்து எடுப்பதுதான் முறை, அதற்கும் பிஎஸ்பி ஒன்று வேண்டும்.

'நூறு கேம் ஏற்றியே தருகிறேன்' என்று விற்பவர் சொன்னால் எல்லாம் கள்ளப் பிரதி. கம்பெனிகள் பல பாதியிலேயே பிஎஸ்பியை விட்டு ஒதுங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம், நல்ல கருவிக்குக் கேம் வற்றிப்போனதை அப்போது பார்த்தவன் என்பதால் எனக்கு இதில் மனசு ஒப்பவில்லை. பழைய டிஸ்க்குகளைத் தேடி வாங்குங்கள்.

இப்போது கடையில் பார்க்க வேண்டியது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் சரி, ஆன்லைனில் பார்த்துத் தனியாளிடம் வாங்கினாலும் சரி, முதலில் பின்பக்கம் பேட்டரி மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். பிஎஸ்பி தயாரிப்பு 2014லேயே நின்றுவிட்டது, ஒரிஜினல் பேட்டரி என்றால் வயதாகியிருக்கும், நிறைய உப்பியிருக்கும். உப்பியதைச் சார்ஜ் போடவே கூடாது. அதற்காக கருவியையே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், பேட்டரி கையாலேயே கழன்று வந்துவிடும், வேறு போட்டுக்கொள்ளலாம், பேட்டரி இல்லாமலும் சார்ஜரில் நேரடியாக ஓடும், அப்படியே ஓட்டிக் காட்டச் சொல்லலாம். 3000க்கு ஒரிஜினல் 1200 எம்ஏஎச். அதே அளவு பேட்டரியில் 3600 என்று அச்சடித்து விற்பதை நம்ப வேண்டாம்.

அப்புறம் ஒரு டிஸ்க்கைப் போட்டு கேம் முழுசாகத் திறக்கும் வரை பொறுமையாக நில்லுங்கள், லேசர் பழுதா இல்லையா என்று அதில்தான் தெரியும். ஆட்டம் தொடங்கியதும் அனலாக்கைத் தொடாமல் விடுங்கள்; ஆள் தானாக ஒரு பக்கம் நடந்தால் அது தேய்ந்திருக்கிறது, விலையைக் குறைத்துக் கேளுங்கள். இரண்டு தோள் பட்டனையும் பலமுறை அழுத்திப் பாருங்கள். முக்கியமாக, கையில் கொடுப்பது 3000தானா என்று பாருங்கள். 2011இல் வந்த இ1000 பார்க்க ஒரே குடும்பம்தான், ஆனால் அதில் வைஃபை கிடையாது, அதனால் நண்பனோடு ஆடவும் முடியாது, ஸ்பீக்கரும் ஒன்றுதான். மூடிச் சறுக்கும் பிஎஸ்பி கோ கிடைத்தால் அழகில் மயங்காதீர்கள், அதில் டிஸ்க்கே போட முடியாது, கடை மூடிய பிறகு அதற்கு நேர்வழியில் கேம் சேர்ப்பது கஷ்டம்.

கடைக்காரரிடம் 2000, 3000 இரண்டுமே இருந்தால் திரையை வைத்து முடிவு செய்யுங்கள். 3000இல் நிறம் இன்னும் செழிப்பு, வெளிச்சத்தில் பிரதிபலிப்பும் குறைவு, ஆனால் வேகமாக நகரும் காட்சிகளில் மெல்லிய கிடைக்கோடுகள் தெரியும், சிலருக்கு அது கண்ணை உறுத்தும். 2000இல் அந்தக் கோடு இல்லை, நிறம் கொஞ்சம் வெளிறல். எடை இரண்டிலும் 189 கிராம்தான். பஸ், ரயில், கேம்பஸ் என்று வெளியில் ஆடுவது அதிகம் என்றால் 3000, ராத்திரி அறைக்குள் படுத்துக்கொண்டு ஆடுவீர்கள் என்றால் 2000 எடுங்கள்.