'ஆல்வேஸ் ஐ' தவறு, 'சம்டைம்ஸ் ஐ' சரி: ஏன் இந்த வேறுபாடு?

கேள்வி: அலுவலக மின்னஞ்சல் ஒன்றில் 'ஆல்வேஸ் ஐ சப்மிட் த ரிப்போர்ட் ஆன் ஃப்ரைடே' என்று எழுதியிருந்தேன். மேலதிகாரி 'ஆல்வேஸ்' என்ற சொல்லை எடுத்து 'ஐ'க்குப் பின்னால் போட்டார். அதே மின்னஞ்சலில் 'சம்டைம்ஸ் ஐ சப்மிட் இட் ஆன் சாட்டர்டே' என்று இருந்ததை அவர் தொடவே இல்லை. இரண்டும் ஒரே வகைச் சொற்கள்தானே? எவற்றை வாக்கியத்தின் தொடக்கத்தில் வைக்கலாம், எவற்றை வைக்கக் கூடாது?

பதில்: உங்கள் மேலதிகாரி செய்த திருத்தம் சரி. தவறு எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். தமிழில் 'எப்போதும் நான் வெள்ளிக்கிழமைதான் கொடுப்பேன்' என்றும் சொல்லலாம், 'நான் எப்போதும் வெள்ளிக்கிழமைதான் கொடுப்பேன்' என்றும் சொல்லலாம். சொல் இடம் மாறினாலும் வாக்கியம் குலையாது. அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலம் எழுதும்போது 'எப்போதும்' இருந்த இடத்தில் அப்படியே 'ஆல்வேஸ்' வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அடுக்கு வரிசை இறுக்கமானது.

எவ்வளவு அடிக்கடி ஒன்று நடக்கிறது என்று சொல்லும் வினையடைகளுக்கு, அதாவது அட்வெர்ப் ஆஃப் ஃப்ரீக்வென்ஸிக்கு, இயல்பான இடம் வாக்கியத்தின் நடு. முதன்மை வினைக்கு முன்னால் வரும்: 'ஹி ஆல்வேஸ் கம்ஸ் லேட்'. 'இஸ், ஆர், வாஸ்' மட்டும் இருந்தால் அதற்குப் பின்னால்: 'ஹி இஸ் ஆல்வேஸ் லேட்'. துணைவினை இருந்தால் முதல் துணைவினைக்குப் பின்னால்: 'ஷி ஹேஸ் ஆல்வேஸ் ஹெல்ப்ட் அஸ்'. இந்த இடத்தில் வைத்தால் அநேகமாக எந்தச் சொல்லும் தவறாகாது. சந்தேகம் வந்தால் நடுவில் வையுங்கள்.

நடுவிலிருந்து முன்னுக்கு வரும் உரிமை சில சொற்களுக்குத்தான் உண்டு. 'சம்டைம்ஸ், யூஷுவலி, நார்மலி, ஜெனரலி, அக்கேஷனலி, ஃப்ரீக்வென்ட்லி' ஆகியவை தாராளமாக முதலில் வரலாம். 'ஆஃபன்' தனியாக முதலில் வந்தாலும் தவறில்லை. ஆனால் பேச்சில் 'க்வைட் ஆஃபன்', 'வெரி ஆஃபன்' என்று ஒரு துணையோடு வரும்போதுதான் இன்னும் இயல்பாக இருக்கும். 'ஆல்வேஸ்' சாதாரண வாக்கியத்தின் முதலில் வராது. நினைவில் வைக்க ஒரு வழி: முதலில் வரும் சொல், 'இந்த நேரங்களைப் பற்றிப் பேசப் போகிறேன்' என்று வாசகருக்கு ஒரு சட்டகம் போட்டுக் கொடுக்கிறது. 'சில சமயம்', 'வழக்கமாக' என்பவை அப்படிப்பட்ட சட்டகங்கள். 'எப்போதும்' எல்லா நேரத்தையும் உள்ளடக்கிவிடுவதால் பிரித்துக் காட்ட எதுவும் மிஞ்சுவதில்லை.

'ஆல்வேஸ் லாக் த டோர்', 'நெவர் ஷேர் யுவர் ஓடிபி' என்றெல்லாம் அறிவிப்புப் பலகைகளில் பார்க்கிறோமே என்று கேட்கலாம். அவை கட்டளை வாக்கியங்கள், எழுவாய் கிடையாது. வினைக்கு முன்னால் என்ற விதிப்படியே சொல் நிற்கிறது, எழுவாய் இல்லாததால் அதுவே முதல் சொல்லாகிவிட்டது. எனவே இது விதிவிலக்கே அல்ல. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கட்டளையில் 'பி' வந்தாலும் வினையடை அதற்கு முன்னால்தான். 'ஆல்வேஸ் பி கேர்ஃபுல்' என்பதே வழக்கு.

அதிகம் சறுக்கும் இடம் எதிர்மறைச் சொற்கள்: 'நெவர், ரேர்லி, செல்டம், ஹார்ட்லி எவர்'. இவற்றை முதலில் வைக்க முடியும், ஆனால் அதற்கு விலை உண்டு. வாக்கியத்தின் எஞ்சிய பகுதி கேள்வி வாக்கியம் போல் திரும்ப வேண்டும். துணைவினை எழுவாய்க்கு முன்னால் போய்விடும். 'ஐ ஹேவ் நெவர் சீன் சச் எ க்ரவ்ட்' என்பது 'நெவர் ஹேவ் ஐ சீன் சச் எ க்ரவ்ட்' ஆகும். துணைவினை இல்லாவிட்டால் 'டு, டஸ், டிட்' மூன்றில் பொருந்துவதைக் கொண்டுவர வேண்டும். 'ஹி ரேர்லி கம்ஸ் லேட்' என்பது 'ரேர்லி டஸ் ஹி கம் லேட்' ஆகிறது. 'கம்ஸ்' என்பதிலிருந்த 'ஸ்' போய்விட்டதைப் பாருங்கள்; அந்த வேலையை 'டஸ்' எடுத்துக்கொண்டது. இறந்த காலமும் அப்படித்தான்: 'நெவர் டிட் ஐ எக்ஸ்பெக்ட் திஸ்'. 'எக்ஸ்பெக்டட்' என்று எழுதினால் இறந்த காலத்தை இரண்டு முறை சொன்னதாகும். 'இஸ், வாஸ்' மட்டும் இருந்தால் அதையே முன்னால் நகர்த்தினால் போதும்: 'ரேர்லி இஸ் ஹி லேட்'.

போட்டித் தேர்வுகளில் பிழை கண்டுபிடிக்கச் சொல்லும் பகுதியில் இந்த அமைப்பு அடிக்கடி வரும். 'செல்டம் ஹி கோஸ் அவுட்' என்று கொடுத்திருந்தால் பிழை 'ஹி கோஸ்' என்ற இடத்தில் இருக்கிறது. 'செல்டம் டஸ் ஹி கோ அவுட்' என்பதே சரி. 'ஒன்லி' சேர்ந்த தொடர்களும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை: 'ஒன்லி அக்கேஷனலி டஸ் ஷி கால் மீ'. ஆனால் 'சம்டைம்ஸ், யூஷுவலி' இந்தத் திருப்பத்தைக் கேட்பதில்லை. 'சம்டைம்ஸ் டஸ் ஹி கம் லேட்' என்று எழுதினால் அது பிழை.

தேர்வுக்கு இது அவசியம் தெரிந்திருக்க வேண்டும். அன்றாட மின்னஞ்சலில் தவிர்ப்பது நல்லது. 'நெவர் ஹேவ் ஐ ரிசீவ்ட்...' என்று தொடங்கினால் மேடையில் நின்று பேசுவது போன்ற தொனி வந்துவிடும். படிப்பவர் நீங்கள் கோபத்தில் எழுதியதாக எடுத்துக்கொள்ளக்கூடும். 'ஐ ஹேவ் நெவர் ரிசீவ்ட்...' என்றாலே விஷயம் போய்ச் சேரும்.

தமிழர்களுக்கே உரிய இன்னொரு சிக்கல் இதே சொற்களில் இருக்கிறது. 'நான் ஒருபோதும் பொய் சொன்னதில்லை' என்னும்போது 'ஒருபோதும்' என்ற சொல்லோடு 'இல்லை' என்பதும் கட்டாயம் வரவேண்டும். ஆங்கிலத்தில் 'நெவர்' என்ற ஒரு சொல்லே இரண்டையும் சுமக்கிறது. அதனால்தான் 'ஐ நெவர் டிட் நாட் டெல் எ லை' போன்ற வாக்கியங்கள் பிறக்கின்றன. 'நெவர்' வந்தால் 'நாட்' வரக் கூடாது.

எதிர்மறையும் வினையடையும் ஒரே வாக்கியத்தில் வரும்போது இடம் மாறினால் பொருளே மாறலாம். 'ஆஃபன் ஹி டஸன்ட் கம் டு த மீட்டிங்' என்றால் அவர் கூட்டத்துக்கு வராமல் இருப்பது அடிக்கடி நடக்கிறது. 'ஹி டஸன்ட் ஆஃபன் கம் டு த மீட்டிங்' என்றால் அவர் அடிக்கடி வருவதில்லை, எப்போதாவதுதான் வருவார். பத்துக் கூட்டங்களில் நான்குக்கு வராதவரைப் பற்றி முதல் வாக்கியத்தைச் சொல்லலாம், இரண்டாவதைச் சொன்னால் அவருக்கு அநியாயம். ஒரு சக ஊழியரைப் பற்றி மேலிடத்துக்கு எழுதும்போது இது சின்ன விஷயமல்ல. 'யூஷுவலி' இப்படிப் படுத்தாது: 'யூஷுவலி ஐ டோன்ட் ட்ரிங்க் காபி', 'ஐ டோன்ட் யூஷுவலி ட்ரிங்க் காபி' இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பொருள்தான். 'சம்டைம்ஸ்' மட்டும் 'டோன்ட்'டுக்குப் பின்னால் நிற்பதை விரும்பாது. அதை முன்னால் வையுங்கள்: 'சம்டைம்ஸ் ஐ டோன்ட் ஈட் லஞ்ச்'.

'எவ்ரி டே, ஒன்ஸ் எ வீக், ட்வைஸ் எ மந்த்' போன்ற கணக்குச் சொல்லும் தொடர்கள் வேறு வகை. அவை முதலிலோ கடைசியிலோ வரும், நடுவில் வராது. 'ஐ எவ்ரி டே கோ' என்பது 'நான் தினமும் போகிறேன்' என்பதன் அச்சுநகல்; 'ஐ கோ எவ்ரி டே' என்று மாற்றுங்கள். 'வாரம் ஒருமுறை' என்பதை 'வீக்லி ஒன்ஸ்' என்று எழுதும் பழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. உள்ளூரில் எல்லோருக்கும் புரியும், வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதும்போது 'ஒன்ஸ் எ வீக்' என்றே எழுதுங்கள். 'டெய்லி' என்பதைக் கடைசியில் வைப்பது நல்லது. கூடவே 'டெய்லி ஐ ஆம் கோயிங்' என்று தொடராதீர்கள். வழக்கமாக நடப்பதற்கு 'ஐ கோ' என்ற எளிய நிகழ்காலமே போதும்.

காற்புள்ளி பற்றிச் சுருக்கமாக: 'சம்டைம்ஸ், யூஷுவலி' போன்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின் அதைப் போடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம், ஒரே ஆவணத்தில் ஒரே முறையைப் பின்பற்றினால் போதும். 'எவ்ரி நவ் அண்ட் தென்' போன்ற நீளமான தொடருக்குப் பின் போட்டால் படிக்க எளிது. 'நெவர், ரேர்லி' முதலில் வந்து வாக்கியம் திரும்பும்போது மட்டும் போடவே கூடாது.

இலக்கணப்படி முதலில் வைக்கலாம் என்பதாலேயே ஒவ்வொரு வாக்கியத்தையும் அப்படித் தொடங்க வேண்டியதில்லை. இரண்டு நிலைமைகளை எதிரெதிரே நிறுத்தும்போதுதான் அந்த இடத்துக்கு உண்மையான பயன் இருக்கிறது. உங்கள் மின்னஞ்சலில் தேவைப்பட்டதும் அதுதான். அதை இப்படி எழுதலாம்: 'ஐ யூஷுவலி சப்மிட் த ரிப்போர்ட் ஆன் ஃப்ரைடே. சம்டைம்ஸ் த டேட்டா கம்ஸ் லேட், சோ ஐ சப்மிட் இட் ஆன் சாட்டர்டே.' முதல் வாக்கியத்தில் 'ஆல்வேஸ்' என்பதை 'யூஷுவலி' என்று மாற்றியிருப்பதற்கும் காரணம் உண்டு: சில நேரம் சனிக்கிழமை அனுப்புகிறவர் 'எப்போதும் வெள்ளிக்கிழமை' என்று சொல்ல முடியாது.