பின்லாந்து மாதிரி குளிர்நாட்டில் விவசாயம் நடக்குமா? அந்த ஊர் மக்கள் பாரம்பரியமாக என்ன சாப்பிட்டு வந்தார்கள்?

தாராளமாக நடக்கிறது. நான் இருப்பது கிழக்கு பின்லாந்தில், ரஷ்ய எல்லைக்குப் பக்கமான யோயென்சூ நகரில். நகராட்சியிடம் ஒரு துண்டு நிலத்தை வாடகைக்கு எடுத்து, கோடையில் உருளைக்கிழங்கு, வெங்காயம், சதகுப்பை போடுகிறேன். பெரிய விவசாயி இல்லை. ஆனால் அந்தத் துண்டு நிலத்தைச் சுற்றி இருக்கும் ஊர்க்காரர்கள் பேச்சுத் துணையாகக் கிடைத்ததில் தெரிந்துகொண்டது நிறைய.

'பாதி வருஷம் பனி மூடிக் கிடக்கிற மண்ணில் எது முளைக்கும்?' என்று கேட்டிருக்கிறீர்கள். நம் ஊரிலிருந்து பார்த்தால் குளிர்காலம்தான் எதிரி என்று தோன்றும். இங்குள்ள விவசாயி காலங்காலமாகப் பயந்தது அதற்கு இல்லை, கோடை இரவுக்குத்தான்.

ஜூன் தொடக்கத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும், மேகமும் காற்றும் இல்லாத தெளிந்த இரவுகளில் திடீரென்று வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடும். இதற்கு இங்கே 'ஹல்லா' என்று பெயர். பால் பிடிக்கிற பருவத்தில் ஹல்லா வந்தால் பார்லிக் கதிர் மொத்தமும் சாவியாகப் போகும். பகலில் வெயில் நன்றாக அடித்திருக்கும், மறுநாளும் அடிக்கும். நடுவில் சில மணி நேரம்தான், ஒரு வருஷத்து உழைப்பு போய்விடும். என் நிலத்துக்குப் பக்கத்தில் பயிர் செய்யும் வயதான அம்மா ஒருவர் ஜூன் மாத மாலைகளில் வானத்தை ஒரு பார்வை பார்ப்பார். வானம் ரொம்பத் தெளிவாக இருந்தால், "இன்றைக்கு மூடிவிட்டுப் போ" என்பார். உருளைச் செடிகளின் மேல் மெல்லிய வெள்ளை விரிப்பைப் போர்த்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம்.

குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால்தான் கைனு, வட கரேலியா பகுதிகளில் பழைய ஊர்கள் குன்றின் தலையில் உட்கார்ந்திருக்கின்றன. காட்சிக்காகக் கட்டிய வீடுகள் என்று சுற்றுலா வருபவர்கள் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் பயிரைக் காப்பாற்ற ஏறிய உயரம் அது. இல்லாவிட்டால் ஏரிக்கரையில் இருப்பார்கள், பகலில் சூடேறிய ஏரித் தண்ணீர் இரவில் கொஞ்சம் வெப்பத்தைத் திருப்பித் தரும் என்பதால்.

சரி, இவ்வளவு சிரமத்தில் எப்படி விளைகிறது? நாடு ஏறக்குறைய 60 பாகை வடக்கில் தொடங்கி 70 வரை போகிறது. பயிர் வளரக்கூடிய நாட்கள் தென்மேற்கில் சுமார் ஆறு மாதம், லாப்லாந்தின் வடக்கே மூன்று மாதத்தைச் சற்றே தாண்டும். ஆனால் அந்த நாட்கள் நீளமானவை. ஜூன் கடைசியில் ஹெல்சிங்கியில் பகல் சுமார் 19 மணி நேரம். வடகோடி ஊத்ஸ்யோக்கியில் இரண்டு மாதம் சூரியன் மறைவதே இல்லை. பார்லி இந்த ஒளியில் மூன்று மாதத்துக்குள் விளைந்துவிடும். இங்கே மிக வடக்கே வரை போன தானியமும் அதுதான். கோதுமை தெற்கோடு நின்றுவிடும்.

ஆனால் மக்களின் மனதில் இடம் பிடித்தது பார்லி இல்லை, ரை (rye) என்ற தானியம். நாடு சுதந்திரம் பெற்று நூறு வருஷம் ஆன 2017-இல் தேசிய உணவு எது என்று மக்களிடம் வாக்கெடுத்தார்கள். ரை ரொட்டிதான் ஜெயித்தது. காரணம் அதன் சாகுபடி முறையிலேயே இருக்கிறது. குளிர்கால ரையை ஆகஸ்ட் வாக்கில் விதைப்பார்கள். முளைத்துத் தூர் கட்டியதும் பனி வந்து மூடும். வெளியே மைனஸ் 25 இருந்தாலும், தடிமனான பனிக்கு அடியில் மண் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். உறங்கிக் கிடந்த பயிர், வசந்தத்தில் பனி உருகியதும் வேர் ஊன்றிய செடியாக வளரத் தொடங்கும். வசந்தத்தில் விதைத்த பயிரைவிடப் பல வாரம் முந்திக்கொள்வதால், ஆகஸ்ட் ஹல்லாவுக்கு முன்பே அறுவடை வந்துவிட வாய்ப்பு அதிகம். பனி குறைவாக விழுந்த வருஷம்தான் பயிருக்கு ஆபத்து!

கிழக்கே, சாவோ, கரேலியா பகுதிகளில் காட்டை வெட்டிக் காயவிட்டு எரித்து, அந்தச் சாம்பலில் ரை விதைத்தார்கள். சில அறுவடைக்குப் பிறகு நிலத்தைக் காட்டுக்கே விட்டுவிட்டு அடுத்த இடம். நம் மலைக்காடுகளில் நடந்த எரிகாட்டு விவசாயம் போலத்தான். அதே சாம்பலில் டர்னிப்பும் போடுவார்கள். உருளைக்கிழங்கு வருவதற்கு முன் இவர்களுக்குக் கிழங்கு என்றால் டர்னிப்தான். அதன் விதை கடுகு மாதிரிப் பொடியானது, கையால் தூவினால் ஒரே இடத்தில் குவிந்துவிடும். அதனால் வாயில் போட்டுக்கொண்டு, நடந்தபடியே துப்பி விதைப்பார்களாம். இதற்கென்று கைதேர்ந்த ஆட்கள் இருந்தார்கள். வாய்தேர்ந்த ஆட்கள் என்று சொல்ல வேண்டும்.

அறுவடைக்குப் பின் அடுத்த தலைவலி ஈரம். இங்கே களத்தில் பரப்பி வெயிலில் உலர்த்துகிற கதை நடக்காது. 'ரீஹி' என்ற மரக்கட்டை வீட்டுக்குள் கதிர்க்கட்டுகளைப் பரண் மாதிரி அடுக்கி, புகைபோக்கி இல்லாத கல் அடுப்பை எரிப்பார்கள். சூடும் புகையும் சேர்ந்து கதிரை உலர்த்தும், பூச்சியைக் கொல்லும். அப்படி உலர்ந்த ரை வருஷக்கணக்கில் கெடாது. விதைத் தானியமாகப் பக்கத்து நாடுகளுக்கும் ஏற்றுமதியானது.

ரொட்டியிலும் நாடு இரண்டாகப் பிரிந்திருந்தது. மேற்கே வருஷத்தில் ஒன்றிரண்டு தடவைதான் சுடுவார்கள். நடுவில் ஓட்டை போட்ட தட்டையான ரொட்டி, அதைக் கழியில் கோத்து உத்தரத்தில் தொங்கவிட்டுவிடுவார்கள். காய்ந்து கட்டையாகிவிடும், மாதக்கணக்கில் கடித்துத் தின்ன வேண்டியதுதான். கிழக்கே வாரா வாரம் அடுப்பு மூட்டுவார்கள், அதனால் உப்பலான மெத்தென்ற ரொட்டி. எனக்குக் கிழக்கத்தி ரொட்டிதான் பிடிக்கும், அந்தப் புளிப்பு பழகிவிட்டால் வெள்ளை ரொட்டி சப்பென்று இருக்கும்.

கிழக்கில் அடிக்கடி மூட்டிய அடுப்பின் சூட்டில் பிறந்தவைதான் இன்று பிரபலமான கரேலியப் பிராக்காவும் கலகுக்கோவும். பிராக்கா என்பது காகிதம் போலத் தேய்த்த ரை மாவில் பாலில் வேகவைத்த அரிசிக் கஞ்சியை வைத்து, ஓரங்களைக் கொசுவி மடித்துச் சுடுவது. மேலே வெண்ணெயோடு மசித்த வேகவைத்த முட்டை. அரிசி பிற்பாடு வந்தது, முன்னே பார்லிக் கஞ்சிதான். இரண்டாம் உலகப் போரில் பின்லாந்தின் கரேலியாவில் பெரும்பகுதி சோவியத் வசம் போனபோது, நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு வாசலை விட்டு இந்தப் பக்கம் வந்தார்கள். அவர்களோடு பிராக்காவும் நாடு முழுக்கப் பரவியது. இப்போது பெட்ரோல் பங்கிலும் கிடைக்கிறது. கலகுக்கோ குவோப்பியோ ஊர்க்காரர்களின் பெருமை: ரை மாவுக்குள் சின்ன ஏரி மீனையும் பன்றிக் கொழுப்பையும் வைத்து மூடி, பல மணி நேரம் மெதுவாகச் சுடுவது. முள்ளெல்லாம் கரைந்துவிடும். காட்டு வேலைக்குப் போகிறவனுக்கு ஓர் உருண்டைக்குள் முழுச் சாப்பாடு.

நம்மவர்கள் அவசியம் தேடிப் பார்க்க வேண்டியது தல்க்குனா. பார்லி, ஓட்ஸ், ரை, பட்டாணி எல்லாவற்றையும் வேகவைத்து, வறுத்து உலர்த்தி அரைத்த மாவு. அப்படியே நம் சத்துமாவுதான். புளித்த பாலில் கலந்து, கொஞ்சம் காட்டுப் பழங்களைப் போட்டுச் சாப்பிடுவார்கள். ஈஸ்டருக்கு 'மம்மி' என்று ஒன்று செய்வார்கள். ரை மால்ட்டும் (முளைகட்டி உலர்த்திய தானியம்) மாவும் சேர்த்துக் கிண்டிச் சுட்ட, கருப்பாகப் பளபளக்கிற இனிப்பு. பார்த்தால் சாப்பிடத் தோன்றாது, க்ரீம் ஊற்றிச் சாப்பிட்டால் நிறுத்தத் தோன்றாது.

இத்தனை ஏற்பாடும் தவறிப்போன வருஷம் 1867. அந்த மே மாதத்தின் சராசரி வெப்பநிலை ஹெல்சிங்கியிலேயே 1.8 டிகிரி. விதைப்பு தள்ளிப்போனது, செப்டம்பர் தொடக்கத்தில் ஹல்லா வந்து மிச்சத்தை முடித்தது. அந்தப் பஞ்சத்தில் பசியாலும், பிச்சையெடுத்து ஊர் ஊராக நடந்தவர்களோடு பரவிய காய்ச்சலாலும் மக்கள்தொகையில் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவுக்கு இறந்தார்கள். பைன் மரத்தின் உட்பட்டையை உரித்து, உலர்த்தி, இடித்து ரொட்டி மாவில் கலந்தார்கள். பஞ்சம் இல்லாத வருஷங்களிலும் ஏழை வீடுகளுக்கு அது புதிதில்லை. இப்போது அதே பட்டை மாவைச் சின்னப் பையில் போட்டு ஆரோக்கிய உணவு என்று விற்கிறார்கள். எனக்கு வாங்க மனம் வரவில்லை.

இன்னொரு பக்கம் மாடு. வருஷத்தில் ஏழெட்டு மாதம் மாடு தொழுவத்துக்குள்தான், அதற்கு வைக்கோலை எப்படிச் சேர்த்து வைப்பது என்பதே வாழ்வா சாவா கேள்வி. பசும்புல்லில் அமிலம் சேர்த்துப் புளிப்பை ஏற்றினால் சத்துக் குறையாமல் குளிர்காலம் முழுக்கக் கெடாது என்று கண்டவர் அ.இ. விர்த்தனேன். 1945-இல் வேதியியல் நோபல் அவருக்குத்தான். மாட்டுத் தீவனத்துக்கு நோபல் கொடுத்தார்களா என்று சிரிக்காதீர்கள், இங்கே வீட்டுக்கு வீடு பாலும் வெண்ணெயும் நின்றது அந்தப் புல்லின் மேல்தான்.

இன்றைய நிலைமை வேறு. மேற்குக் கரையில் நார்ப்பியோ என்ற ஊரில் கண்ணாடிக் கூடங்களில் விளக்கு போட்டு ஜனவரியிலும் தக்காளி விளைவிக்கிறார்கள், நாட்டுத் தக்காளியில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான். சீரகம் போலவே இருக்கும் கேரவேயை இங்கே நிறையப் பயிரிட்டு உலகம் முழுக்க அனுப்புகிறார்கள். நீண்ட பகலில் வளர்வதால் வாசனை எண்ணெய் கூடுதல் என்கிறார்கள். ரசத்தில் சீரகத்துக்குப் பதில் போட்டுவிடாதீர்கள், மணம் வேறு ஊருக்குப் போய்விடும்.

வந்தால் என்ன சாப்பிடலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். ஜூன் கடைசியில் வந்தால் புது உருளைக்கிழங்கை வேகவைத்து, வெண்ணெய், சதகுப்பையோடு கண்டிப்பாகச் சாப்பிடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் வந்தால் காட்டில் நீலப் பழத்தை யாருடைய நிலம் என்று கேட்காமல் பறிக்கலாம், சட்டமே அனுமதிக்கிறது. வீட்டுத் தோட்டத்துக்குள் மட்டும் நுழையாதீர்கள். காளான் மட்டும் தெரிந்தவர் துணையில்லாமல் வேண்டாம், வசந்தத்தில் சந்தையில் விற்கிற ஒரு வகைக்கே, தண்ணீர் மாற்றி இரண்டு முறை கொதிக்க வைக்காவிட்டால் விஷம் என்ற எச்சரிக்கைச் சீட்டு கொடுக்கிறார்கள். சைவம் என்றால் பிராக்கா சரிப்படும், முட்டை வேண்டாமென்றால் மேலே தடவுவதை விட்டுவிடச் சொல்லுங்கள். டர்னிப் இனக் கிழங்கு வைத்த குக்கோவும் விற்பார்கள், பெயரைப் பார்த்துச் சைவம் என்று வாங்கிவிடாதீர்கள். அதிலும் பன்றிக் கொழுப்பு இருக்கலாம், கேட்டுவிட்டு வாங்குங்கள்.